கட்டமா, தடையா, திசையா, முடிச்சா?

ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர்களுக்கு மாதத்தில் இரண்டு தேதிகள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும்: 11, 20. ஈரோட்டில் முப்பது ஜவுளி வியாபாரிகளுக்கு நான் ரிட்டர்ன் போடுகிறேன். நான்கு வருடம் முன்பு ஒரு 19-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு பில்லுதானுங்க்கா. போன மாசத் தேதி போட்டுக் குடுத்துருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. அவரோடு உள்ள பழக்கம், போன தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து வந்த புடவை, அவர் போனால் கூடவே போகக்கூடிய மைத்துனர் கணக்கு, எல்லாம் மனசுக்குள் வரிசையில் வந்து நின்று வாதாடின. வீட்டுக்கு வந்ததும், தட்டை ஏன் கழுவவில்லை என்று மகளிடம் கத்தினேன். இரவு இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. நேர்மையாக நடந்துகொண்ட நாளில் நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதானே?

என்னிடம் கொள்கை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் கொள்கைப் பஞ்சம் வராது. எழுத்துக் கூட்டும் வயதிலேயே ஆத்திசூடி ஒப்பித்தவர்கள் நாம். கொள்கையை எந்த வடிவத்தில் கையில் வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதற்குப் பிறகு நான்கு வடிவங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கட்டம், தடை, திசை, முடிச்சு என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் ஒரு விதத்தில் கை கொடுக்கிறது, வேறொரு விதத்தில் காலை வாருகிறது.

கட்டம்

இதற்கு மூலவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்திய இளைஞராக இருந்த காலத்தில், குறையே இல்லாத மனிதனாகிவிடுவது என்று முடிவு கட்டினார். அளவான உணவு, வீண் பேச்சைத் தவிர்ப்பது, ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு என்று பன்னிரண்டு குணங்களை எழுதினார். கொஞ்சம் தலைக்கனம் இருக்கிறது என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகு, பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. சின்ன நோட்டில் ஏழு நாளுக்கு ஏழு பத்தி, குணத்துக்கு ஒரு வரிசை, தவறிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின் மேல் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையானதால், ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார்.

அவரைக் கடைசிவரை படுத்திய குணம் ஒழுங்கு. பொருளை அதனதன் இடத்தில் வைப்பது, வேலையை அதனதன் நேரத்தில் செய்வது. அதைச் சொல்லும்போது ஒரு கோடாரிக் கதை சொல்கிறார். கோடாரியின் விளிம்பு மாதிரியே முழுப் பரப்பும் பளபளக்க வேண்டும் என்று ஒருவன் கொல்லரிடம் கேட்கிறான். சரி, சாணைச் சக்கரத்தை நீ சுற்று என்கிறார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் களைத்துப்போனவன், புள்ளி புள்ளியாக இருக்கிற கோடாரிதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இந்தப் பகுதியை எழுதும்போது பிராங்க்ளினுக்கு எழுபத்தெட்டு வயது. நிறைவை எட்டவில்லை, ஆனால் முயன்றதால் முன்னைவிட நல்லவனாகவும் மகிழ்ச்சியானவனாகவும் ஆனேன் என்கிறார்.

நான் மகளின் பழைய கணக்கு நோட்டில் ஒன்பது குணங்களுக்குக் கட்டம் போட்டேன். ஐந்து வாரம் ஓடியது. இரவு பத்தரைக்கு உட்கார்ந்து அன்றைய தோல்விகளுக்குப் புள்ளி வைப்பது, பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதுவது மாதிரி ஆகிவிட்டது. குற்ற உணர்ச்சி அதிகம் உள்ளவர்களுக்கு இது நல்லதில்லை என்பது என் எண்ணம். ஏற்கெனவே தன்னைத் திட்டிக்கொள்கிறவர் கையில் பிரம்பையும் கொடுத்த மாதிரி.

ஆனால் அந்த ஐந்து வாரம் வீண் போகவில்லை. கோபம் என்ற வரிசையில் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. 9, 10, 11 தேதிகளிலும் 18 முதல் 20 வரையிலும் கொத்துக் கொத்தாக இருந்தன. அதுவும் மாலைப் பொழுதில் மட்டும். எனக்குக் குணத்தில் கோளாறு என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன். கோளாறு காலண்டரில் இருந்தது. கட்டம் தெர்மாமீட்டர். அதை வைத்துக் காய்ச்சலைப் பார்க்கலாம், விழுங்கினால் காய்ச்சல் இறங்காது.

தடை

1924, பாரிஸ் ஒலிம்பிக். பிரிட்டனின் எரிக் லிடெல் 100 மீட்டரில் பதக்கம் வாங்குவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவரான எனக்கு ஞாயிறு ஓய்வு நாள், ஓட மாட்டேன் என்று விலகிவிட்டார். இதில் பலர் கவனிக்காத ஒன்று, அட்டவணை அவருக்குப் பல மாதம் முன்பே தெரியும் என்பது. அந்த மாதங்களில் அவர் ஓடலாமா வேண்டாமா என்று மனசுக்குள் பட்டிமன்றம் நடத்தவில்லை. 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 47.6 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். 200 மீட்டரில் வெண்கலம்.

தடை மனதுக்குச் செய்யும் உபகாரம் இதுதான். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, இனி அதற்குச் செலவழிக்க நேரமும் இல்லை, தெம்பும் தேவையில்லை. என் முக்கால் மணி நேரம் எங்கே போனது என்று இங்கேதான் எனக்கு விளங்கியது. நேர்மையாக இருக்க வேண்டும் என்று என்னிடம் ஓர் ஆசை இருந்ததே தவிர, பழைய தேதியில் பில் கிடையாது என்ற தடை இல்லை. ஆகையால் ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் வழக்கை முதலிலிருந்து நடத்திக்கொண்டிருந்தேன்.

மன உறுதி தசை மாதிரி, பயன்படுத்தினால் களைத்துப்போகும் என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது, விளைவு ஏறக்குறைய எதுவும் தென்படவில்லை. எனவே தெம்பு தீர்ந்துவிட்டது என்று அறிவியல் பேரைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. பேரம் பேச இடம் இருந்தது, பேசினேன், அவ்வளவுதான்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் இதைக் கணக்காகவே சொன்னார். ஆக்ஸ்போர்டில் கூடைப்பந்து ஆடிய நாட்களில், இறுதிப் போட்டி ஞாயிறன்று வந்தது. அவர் ஆடவில்லை, அணி அவர் இல்லாமலே ஜெயித்தது. கொள்கையை 98 விழுக்காடு காப்பதைவிட 100 விழுக்காடு காப்பது எளிது என்றார். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் 98 என்று வைத்தால், இது அந்த மீதி இரண்டில் சேருமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

தடையின் உள்ளே ஓர் அபாயம் இருக்கிறது. அதற்கு காந்தியைவிட நல்ல உதாரணம் கிடையாது, ஏனென்றால் தன் சறுக்கலைத் தானே எழுதி வைத்தவர். 1912-இல் பாலை விட்டார். 1918-இல் குஜராத்தின் கேடாவில் ஊர் ஊராக அலைந்த பிறகு கடுமையான வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார் மருத்துவர். பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே விரதம், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபா கேட்டார். காந்தி ஆட்டுப்பால் குடித்தார், பிழைத்தார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றினேன், அதன் உட்பொருளைக் கைவிட்டேன் என்று அதற்காக வருந்தி எழுதினார். அன்று கஸ்தூரிபா பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனுஷன் சாகக் கிடக்கிறபோது சட்டம் பேசவா முடியும்? ஆனாலும் உண்பது, உறங்குவது, உழைப்பது போன்ற உடம்போடு ஒட்டிய விஷயத்தில் தடை போட்டால் என்றைக்காவது ஓர் ஆட்டுப்பால் வந்தே தீரும் என்பதையும் இது காட்டிக்கொடுக்கிறது.

அதைவிடப் பொதுவான சேதம் ஒன்று உண்டு. 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். ஏற்கெனவே வயிற்றில் மில்க் ஷேக் இருப்பதால் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். நம் ஊரில் இதற்குச் சோதனைச்சாலை தேவைப்பட்டதில்லை. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

என் முக்காடும் நனைந்தது. இனி மகளிடம் எரிந்து விழ மாட்டேன் என்று தடை போட்டேன். மூன்றாம் நாள் உடைந்தது. உடைந்த அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தினேன். பழைய தேதி பில்லுக்குப் போட்ட தடையோ நான்கு வருடமாக ஒரு கீறல் விழாமல் நிற்கிறது. இரண்டுக்கும் ஆள் ஒருத்திதான்.

திசை

மூன்றாவது வழியில் விதி எதுவும் கிடையாது. ஸ்டீவன் ஹேஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்த சிகிச்சை முறையில் விழுமியத்தைத் திசையாகப் பார்க்கச் சொல்வார்கள். கிழக்கே நடக்கலாம், கிழக்கைப் போய்ச் சேர முடியாது. பரிவான தாயாக இருப்பது அந்த வகை. 31-ஆம் தேதிக்குள் முடித்து டிக் போடுகிற காரியம் இல்லை. சறுக்கினாலும் திசை அங்கேயேதான் இருக்கும், அடுத்த அடியை அந்தப் பக்கம் வைத்தால் போதும்.

'அறம் செய விரும்பு' என்ற வரியில் 'செய்' என்று முடிக்காமல் ஏன் 'விரும்பு' என்று வைத்தார் ஔவை என்று பலரும் பல விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இந்த விளக்கம் போதும்: அது திசை.

திசையை நினைத்துப் பார்ப்பதே உடம்பில் ஒரு மாற்றம் செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2005-இல் டேவிட் கிரெஸ்வெலும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் தாங்கள் உயர்வாக மதிக்கும் ஒன்றைப் பற்றி யோசிக்க வைத்தார்கள். பிறகு எல்லோரையும் கடுமுகம் காட்டும் நடுவர்கள் முன்னே பேச நிறுத்தினார்கள். விழுமியத்தை நினைத்தவர்களுக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் குறைவாகவே ஏறியது.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதம் எனக்கு எந்த விதியும் நிற்கவில்லை. நடை, தூக்க நேரம், படிப்பு எல்லாம் போயின. கட்டம் போட்டிருந்தால் பக்கம் முழுக்கக் கறுப்பாகியிருக்கும். அந்த நாட்களில் என்னைப் பிடித்து வைத்திருந்தது திசை ஒன்றுதான். நள்ளிரவில் அம்மாவின் படுக்கையை மாற்றும்போது முகத்தைச் சுளிக்காமல் இருப்பது, அது போதும் அன்றைக்கு.

இதன் பலவீனம் சொல்லாமலே தெரியும். குடும்பம்தான் எனக்கு முதல் என்று பத்து வருடம் மனசாரச் சொல்லிக்கொண்டே தினம் இரவு ஒன்பது மணி வரை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். கிழக்கே பார்த்துக்கொண்டு மேற்கே நடக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

முடிச்சு

பாட்டி எதையாவது மறக்கக்கூடாது என்றால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள். பிறகு அந்த முடிச்சு கையில் தட்டும்போது ஞாபகம் வரும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்தது ஏறக்குறைய இதைத்தான்: இன்னது நடந்தால் உடனே இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே கட்டி வைப்பது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 தனித்தனிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களைவிட இப்படி முடிச்சுப் போட்டவர்கள் கணிசமாக அதிகம் சாதித்திருந்தார்கள்.

ஆத்திசூடியில் இந்த வகையும் இருக்கிறது. 'ஐயம் இட்டு உண்'. தர்மம் செய் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை, தினம் தவறாமல் வருகிற சாப்பாட்டு வேளையோடு கட்டிவிட்டார். 'சனி நீராடு' இன்னும் பச்சையான உதாரணம், கிழமையே சொல்லியாகிவிட்டது. தடைக்கும் அங்கே வரி உண்டு: 'அஃகம் சுருக்கேல்'. தானியத்தை அளவு குறைத்து விற்காதே. மூன்று விதத்தையும் ஒரே வடிவத்தில் எழுதாமல் விஷயத்துக்குத் தக்கபடி எழுதியிருப்பதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன்.

கட்டம் காட்டிக்கொடுத்த இடத்தில் முடிச்சைப் போட்டேன். மாலையில் வண்டியை ஸ்டாண்ட் போட்டதும் உள்ளே போகக்கூடாது. வாசல்படியில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். கோபப்படாதே என்று தண்ணீர் பாட்டில் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போகிறவள் வேறு ஆளாக இருக்கிறாள். எதிர் வீட்டு அக்கா முதல் வாரம், சாவி தொலைஞ்சுருச்சாங்க என்று கேட்டார்.

முடிச்சுக்கு இன்னொரு நல்ல குணம், அவிழ்ந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். 21 நாளில் பழக்கம் வரும் என்று போட்டி போட்டுக்கொண்டு முழங்குகிறவர்கள் இந்த எண்களைப் பார்ப்பது நல்லது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது யாரையும் பெரிதாகப் பின்னுக்குத் தள்ளவில்லை. தடைக்கு இந்தச் சலுகை கிடையாது.

குறை என்னவென்றால், ஏன் செய்கிறோம் என்பதை முடிச்சு சொல்லாது. அதிகாலை எழுந்தால் உடனே தியானம் என்று வேறொருவர் முடிச்சை வாங்கி நான் போட்டுக்கொண்டது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் இருவரும் 1999-இல் சொன்னதும் இதை ஒட்டியதே: தன் விருப்பத்தோடு பொருந்துகிற இலக்குக்கு மனிதர்கள் அதிக உழைப்பைப் போடுகிறார்கள், எட்டும்போது கூடுதல் நிறைவும் அடைகிறார்கள். 1888-இல் மது, மாது, இறைச்சி தொடமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்து லண்டன் போன காந்தி முதலில் அதைக் கடனாகத்தான் சுமந்தார். இந்தியர் எல்லாரும் இறைச்சி உண்பது நல்லது என்ற எண்ணம்கூட அப்போது அவருக்கு இருந்தது. பாதிப் பட்டினியில் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டு, அங்கே வாங்கிய ஒரு நூலைப் படித்த பிறகுதான் சைவம் அவருடைய சொந்தத் தேர்வானது. கடன் வாங்கிய கொள்கை ஒருவேளை சொந்தமாகலாம். அதுவரை கனக்கும்.

எதை எங்கே வைப்பது

எனக்கு உதவுகிற கேள்வி ஒன்றே ஒன்று: இதில் பாதி என்று ஒன்று உண்டா?

பழைய தேதியில் பாதி பில் போட முடியாது. லஞ்சம், குடி, வேறொருவர் கடவுச்சொல்லை வைத்து லாகின் செய்வது, சீட்டுப் பணத்தைக் கைமாற்றாக எடுப்பது, இவற்றில் எல்லாம் கோடு எங்கே என்று எதிரில் இருப்பவருக்கும் தெரியும். இந்த இடத்தில் தடையைத் தவிர எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்றுக்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி வைத்தால் இன்னும் நல்லது. என் அலுவலகத்தில் அது சுவரில் ஒட்டியிருக்கிறது, ஆகையால் மறுப்பது நானில்லை, சுவர். பல வருடமாகக் குடித்தவர்கள் மட்டும் வைராக்கியத்தை நம்பி ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, அது உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும்.

கோபம், சோம்பல், உடற்பயிற்சி, படிப்பு, இதில் எல்லாம் பாதியும் உண்டு, முக்காலும் உண்டு. தடை போட்டால் உடையும், உடைந்தால் நனைந்த முக்காடு. முடிச்சுதான் சரி. எந்த இடத்தில் முடிச்சுப் போடுவது என்று தெரியாவிட்டால் நான்கு வாரம் கட்டம் போட்டுப் பாருங்கள், பிறகு நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிராங்க்ளின் மாதிரி வருடக்கணக்கில் நடத்த அவருக்கு இருந்த நகைச்சுவை உணர்ச்சி வேண்டும். கர்வத்தை முழுசாக வென்றுவிட்டதாக நினைத்தால் என் பணிவைப் பற்றியே கர்வப்படுவேன் என்று எழுத முடிந்தவர் அவர்.

வேலை மாறுவதா, பெற்றோரை அழைத்து வந்து வைத்துக்கொள்வதா போன்ற பெரிய முடிவுகளிலும், வாழ்க்கை ஒட்டுமொத்தமாகக் குலைந்து கிடக்கும் நாட்களிலும் விதிகளை ஒதுக்கிவிட்டுத் திசையைக் கேட்பதே மேல்.

இந்த நான்கும் மனம் ஓரளவு நலமாக இருப்பவர்களுக்கான சாமான்கள். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை, அல்லது கையைக் கழுவியது சரியா என்று விதி மேல் விதியாக மனசு தானே போட்டுக்கொண்டு போகிறது என்றால், புதிதாக ஒரு கொள்கை வேண்டாம், மருத்துவர் வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, அரசு நடத்துவது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

அந்தப் பழைய தேதிக்காரர் அடுத்த மாதமே வேறு ஆபீசுக்குப் போனார், மைத்துனர் கணக்கும் போனது. எட்டு மாதம் கழித்து மைத்துனர் மட்டும் திரும்பி வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சுவரைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் இன்றைக்குத் தடை இரண்டு, முடிச்சு மூன்று, திசை ஒன்று இருக்கின்றன. எந்த வகையிலும் அடங்காதது செல்போன். படுக்கையில் தொடமாட்டேன் என்ற தடையும் உடைந்தது, பல் தேய்த்ததும் அணைத்துவிடுவேன் என்ற முடிச்சும் அவிழ்ந்தது. இப்போது பத்து மணிக்கு மேல் அது சமையலறையில் அரிசி டின் மேல் சார்ஜ் ஏறுகிறது. நேற்று இரவு தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.